கடைத்தெருவில் தொடங்கும் பாடம்

வாசகர் கேள்வி – பதில்: மாற்றுத்திறன் கொண்ட பிள்ளைகளின் படிப்பும் பிழைப்பும்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட பகுதிகளிலிருந்து வந்தவை. அவற்றில் ஆறு கடிதங்களுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். முதல் விடை நீளமானது. பின்னால் வரும் சில விடைகளுக்கும் அதுவே அடிப்படை என்பதால் அதைப் பொறுமையாக வாசிக்க வேண்டுகிறேன்.

என் மகனுக்கு 15 வயது. அறிவுசார் குறைபாடு 60 சதவீதம் என்று சான்றிதழ் வாங்கியிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். தன் பெயரை எழுதுவான், வாசிக்க வராது. பள்ளியை நிறுத்திவிட்டு மெழுகுவத்தி, காகித உறை செய்யக் கற்றுத்தரும் இடத்தில் சேர்க்கும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
— ஒரு தாய், கொருக்குப்பேட்டை

அம்மா, பள்ளியை நிறுத்த வேண்டாம். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பிள்ளை, 6 வயது முதல் 18 வயது வரை, வீட்டருகே உள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிப் படிக்கலாம் என்பதை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உரிமையாகவே தந்திருக்கிறது. இன்னும் மூன்று ஆண்டுகள் உங்கள் மகனுக்கு உரியவை; அவற்றை நீங்களாக விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்புத் தேர்வை அவன் எழுதுவதா வேண்டாமா என்பதைச் சிறப்பாசிரியருடன் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். அந்த மூன்று ஆண்டுகளில் அவன் கை எதற்குப் பழகப் போகிறது என்பதே அதைவிடப் பெரிய கேள்வி.

மெழுகுவத்தியைப் பற்றி என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு, நான் சிறப்பாசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பயிற்சிக்கூடத்தில் எட்டுப் பிள்ளைகளுக்குக் காகித உறை ஒட்டக் கற்றுக்கொடுத்தேன். இரண்டு ஆண்டுகள் ஒட்டினார்கள். ஆண்டு விழாவுக்கு வந்தவர்கள் அன்பினால் சில கட்டுகளை வாங்கிச் சென்றார்கள். மற்றவை அலமாரியில் கிடந்தன. அவர்களில் ஒரு மாணவன் 18 வயது முடிந்து எங்களிடமிருந்து போனபோது அவனுக்கு மிக நேர்த்தியாக உறை ஒட்டத் தெரிந்திருந்தது. தனியாகத் தெருவைக் கடக்கவும், பத்து ரூபாய்க்கும் ஐம்பது ரூபாய்க்கும் வேறுபாடு சொல்லவும், பசித்தால் அதை இன்னொருவரிடம் கேட்கவும் தெரிந்திருக்கவில்லை. ஏழு மாதம் கழித்து அவன் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தான். ஒட்டுவதற்குப் பசையும் இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. அன்றிலிருந்து, வாங்குவார் இல்லாத பொருளைச் செய்ய எந்தப் பிள்ளைக்கும் நான் கற்றுக்கொடுத்ததில்லை.

ஆகவே, பயிற்சி நிலையத்தைத் தேடுவதற்கு முன்பு நீங்கள் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒரு நாள் காலையில் உங்கள் வீட்டிலிருந்து பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு வரை மெதுவாக நடந்துபோய், வழியில் மனிதர்கள் கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலைகளை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். துணிக்கடையில் பிரித்துப் போட்ட சேலைகளை மடித்து அடுக்குபவர், தையல் கூடத்தில் பிசிறு வெட்டுபவர், மாவு அரைவை நிலையத்தில் பாத்திரத்தை வாங்கி வரிசையில் வைப்பவர், தண்ணீர் கேன் இறக்குபவர், பூக்கடையில் வாழை நாரைக் கிழித்துத் தருபவர் என்று முப்பதாவது தேறும். அவற்றில் எழுதப் படிக்கத் தேவையில்லாதவை எவை, ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் செய்பவை எவை, உங்கள் மகனுக்குப் பிடித்தவை எவை என்று பாருங்கள். கூட்டமும் இரைச்சலும் அவனுக்கு ஒவ்வாது என்றால் துணிக்கடையை விட்டுவிடலாம். பின்கட்டில் அமைதியாக நடக்கும் வேலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பிசிறு வெட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பார்ப்பவர்களுக்கு அது ஒரு வேலை. கற்பவனுக்கு அது எட்டு வேலை. சட்டையை வலப்பக்கக் குவியலிலிருந்து எடுக்க வேண்டும். மடியில் விரிக்க வேண்டும். கழுத்துப்பட்டையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். பிறகு இரு கைகளின் நுனி, பிறகு பித்தான் வரிசை, பிறகு கீழ்மடிப்பு. தொங்கும் நூலை இடக்கை விரலால் இழுத்துப் பிடித்து, துணியில் படாமல் கட்டரால் நறுக்க வேண்டும். முடித்ததை இடப்பக்கம் வைக்க வேண்டும். இந்த வரிசையை எப்போதும் மாற்றாதீர்கள். தொடக்கத்தில் முதல் ஏழையும் நீங்களே செய்துவிட்டு, கடைசியாக இடப்பக்கம் வைப்பதை மட்டும் அவனைச் செய்ய விடுங்கள். அது தவறாமல் வந்த பிறகு கடைசி இரண்டு, பிறகு கடைசி மூன்று என்று பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒவ்வொரு முறையும் வேலை அவன் கையில்தான் முடிகிறது என்பதால், பாதியில் தோற்றுப்போன எண்ணம் அவனுக்கு வருவதில்லை. முன்னாலிருந்து தொடங்கும்போது பிள்ளைகள் மூன்றாவது படியிலேயே சோர்ந்து எழுந்துவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு வரை எண்ண வரவில்லை என்றால், ஓர் அட்டையின் விளிம்பில் பன்னிரண்டு துணிக் கிளிப்புகளைச் செருகிக்கொடுத்து, ஒரு சட்டை முடிந்ததும் ஒரு கிளிப்பைக் கழற்றி டப்பாவில் போடச் சொல்லுங்கள். அட்டையில் கிளிப்பு இல்லையென்றால் ஒரு டஜன் முடிந்தது.

பணமும் அப்படித்தான். கூட்டலும் கழித்தலும் வந்த பிறகுதான் கடைக்கு அனுப்புவேன் என்று காத்திருந்தால் அந்த நாள் வராமலே போகலாம். நம் நோட்டுகள் நிறத்தால் வேறுபட்டவை: பத்து பழுப்பு, ஐம்பது நீலம், நூறு வெளிர் ஊதா, இருநூறு மஞ்சள், ஐந்நூறு சாம்பல். முதலில் பத்து ரூபாய் நோட்டுகளை மட்டும் கொடுத்து, கடைக்காரர் நாற்பத்து மூன்று என்றால் நாற்பதுக்கு நான்கு நோட்டும் மேற்கொண்டு ஒரு நோட்டும் தந்துவிட்டுச் சில்லறைக்குக் கையை நீட்டப் பழக்குங்கள். சில்லறையைச் சரிபார்ப்பது பிறகு வரட்டும். முதல் சில வாரங்கள் தெரிந்த கடையாக இருப்பது நல்லது. கடைக்காரரிடம் முன்பே பேசிவைத்து, அவன் தடுமாறும்போது அவசரப்படாமல் காத்திருக்கச் சொல்லுங்கள்.

இவற்றை எல்லாம் வீட்டுப் பாடமாக மட்டும் வைத்துக்கொள்ளாமல், பள்ளியில் சிறப்பாசிரியர் அவனுக்கென எழுதும் தனிநபர் கல்வித் திட்டத்திலும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘எண்ணறிவை மேம்படுத்துதல்’ என்று பொதுவாக எழுதியிருந்தால், எப்போது, எந்தக் கடையில், என்ன வாங்கி வருவான் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை; நல்ல ஆசிரியர்கள் மகிழ்ச்சியோடு எழுதித் தருவார்கள்.

எங்கள் ஆயத்த ஆடைக் கூடத்தில் 14 பேர் வேலை செய்கிறார்கள். அறிவுசார் குறைபாடுள்ள ஓர் இளைஞரை வேலைக்கு எடுக்க விரும்புகிறேன். சம்பளம் எப்படித் தருவது? மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா?
— உரிமையாளர், பழைய வண்ணாரப்பேட்டை

ஐயா, இந்தக் கடிதம் மேலே உள்ள கடிதத்துக்கு இரண்டு நாள் கழித்து வந்தது. இரண்டையும் அடுத்தடுத்து வெளியிடுவதில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சியை மறைக்க முடியவில்லை.

சம்பளத்தில் குழப்பமே வேண்டாம். மற்றவர்களுக்குப் பீஸ் ரேட், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலி என்றால் அவருக்கும் அதே ரேட். மாதச் சம்பளம் என்றால் அந்த வேலைக்குரிய சம்பளம். குறைந்தபட்சக் கூலி அவருக்கும் பொருந்தும். ‘பையனுக்குப் பொழுது போகட்டும், கைச்செலவுக்கு ஏதாவது கொடுக்கிறேன்’ என்ற ஏற்பாடு நல்ல மனத்தோடு தொடங்கினாலும், ஆறு மாதத்தில் அவரை டீ வாங்கி வரும் ஆளாக்கிவிடும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கூடம் என்பதால் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் காப்பீடு குறித்தும் கவனியுங்கள். பொதுவாக மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது பொருந்தும்; மாற்றுத்திறனாளித் தொழிலாளர்களுக்கு அந்த வரம்பு 25,000 ரூபாய். சம்பளத்தை அவர் கையிலோ அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலோ கொடுங்கள். அப்பாவிடம் கொடுத்தனுப்புவது வேண்டாம்; தன் உழைப்புக்கும் அந்தப் பணத்துக்கும் உள்ள தொடர்பை அவர் கண்ணால் பார்க்க வேண்டும்.

இடைஞ்சல் வருமா என்று கேட்டீர்கள். வருவதெல்லாம் பெரும்பாலும் பலர் பலவிதமாக ஏவுவதால் வருகிறது. அவருக்கு வேலை சொல்லும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். அவர் உட்காரும் இடத்தை மாற்றாதீர்கள். ‘அதை அங்கே வை’ என்பதைவிட ‘இந்தச் சட்டையை நீலக் கூடையில் போடு’ என்று சொல்வது பத்து மடங்கு பயன் தரும். முதல் இரண்டு மூன்று வாரங்கள் சிறப்பாசிரியரோ குடும்பத்தினர் ஒருவரோ அருகில் இருந்து வேலையைப் பழக்கி, பிறகு ஒரு மணி நேரம், அரை மணி நேரம் என்று குறைத்துக்கொண்டு விலகிவிட வேண்டும். விலகாமல் உட்கார்ந்தே இருந்தால் அவருடைய முதலாளி நீங்கள் என்பது அவர் மனத்தில் பதியாது. தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய நெருக்கடி நாட்களில் வேலைக்குச் சேர்க்காதீர்கள்; கூடம் அமைதியாக இருக்கும் மாதத்தில் தொடங்குங்கள்.

எங்கள் பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நான்கு மாற்றுத்திறனாளி மாணவர்கள் இருக்கிறார்கள். சிறப்பாசிரியர் வாரத்தில் ஓரிரு நாட்களே வருகிறார். பாட ஆசிரியையாகிய நான் என்ன செய்ய முடியும்?
— ஆசிரியை, தண்டையார்பேட்டை

தேர்வுச் சலுகை விண்ணப்பத்தை முதலில் கவனியுங்கள். சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பொதுத்தேர்வில் பெறுவதற்கு மருத்துவச் சான்றும் பள்ளியின் பரிந்துரையும் உரிய காலத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தேர்வு நெருங்கும் மாதத்தில் பெற்றோரைக் கூப்பிட்டுச் சான்று கேட்டால், கூலி வேலைக்குப் போகும் அவர்கள் எத்தனை நாள் மருத்துவமனை வாசலில் நிற்க முடியும்? ஜூன் மாதத்திலேயே கேட்டுவிடுங்கள். சொல்வதை எழுதுபவரோடு மாணவனுக்கு முன்பழக்கம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலேயே அதே முறையைப் பின்பற்றினால்தான் வாய்விட்டு விடை சொல்லும் பழக்கம் வரும்.

எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதுமான சில பிரிவுகள் தொழிற்பயிற்சி நிலையங்களில் இருக்கின்றன. தையல், வெல்டிங், வயர்மேன் ஆகியவை அவற்றில் அடங்கும். வடசென்னையிலேயே அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பில் தேறாத மாணவனுக்கு எல்லாக் கதவும் மூடிவிட்டது என்று அவனிடமோ அவன் பெற்றோரிடமோ யாரும் சொல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்தால் கோடை விடுமுறைக்கு முன் ஒரு நாள் அந்த நால்வரையும் அங்கே அழைத்துச் சென்று பட்டறையைக் காட்டுங்கள். இரும்பின் வாசனையும் இயந்திரச் சத்தமும் தனக்குப் பிடிக்கிறதா என்பதை மாணவன்தான் சொல்ல வேண்டும்.

என் மகளுக்குக் காது கேட்காது. காது கேளாதோர் பள்ளியில் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். தையல் கற்றுக்கொண்டு வீட்டோடு இருக்கட்டும் என்பது எங்கள் எண்ணம். அவள் கல்லூரிக்குப் போக வேண்டும் என்கிறாள். கல்லூரியில் அவளால் சமாளிக்க முடியுமா?
— படகுத் தொழிலாளி, காசிமேடு

முடியும், ஐயா. சேப்பாக்கத்தில் உள்ள மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடங்கள் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கப்பட வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடுங்கள்.

தையல் இழிவான தொழில் என்று நான் சொல்ல வரவில்லை. அவள் அதை விரும்பினால் நன்றாகவே கற்கலாம். ஆனால் ‘வீட்டோடு இருக்கட்டும்’ என்ற சொல்லைத்தான் நான் அஞ்சுகிறேன். காது கேளாத பெண் வீட்டோடு இருந்தால், அவளோடு சைகை மொழியில் பேச வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? பள்ளியில் நாள் முழுவதும் தோழிகளோடு கையால் பேசிச் சிரித்தவள், வீட்டில் ‘சாப்பிடு’, ‘வா’, ‘தூங்கு’ என்ற மூன்று நான்கு சைகைகளோடு நின்றுவிடுகிறாள். நீங்களும் உங்கள் துணைவியாரும் அவளிடமே சைகை மொழி கற்றுக்கொள்ளுங்கள். கடலில் எஞ்சின் சத்தத்துக்கு நடுவே ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கையசைத்துச் செய்தி சொல்வது உங்களுக்குப் புதிதில்லை. மகளிடம் கற்பது அதைவிடக் கடினமாக இராது.

வேலைக்கான ஆயத்தத்தில் அவளுக்குத் தேவையானது எழுத்துத் தமிழ். பிறவியிலேயே கேட்காதவர்களுக்குத் தமிழ் இரண்டாம் மொழி போன்றது. வேற்றுமை உருபும் வினைமுற்றும் காதால் விழுந்து பழகாததால் வாக்கியம் முன்பின்னாகிவிடும். அறிவுக் குறைவு என்று அதை நினைத்துவிடாதீர்கள். கைப்பேசியில் தினமும் அவளுக்கு வாட்ஸ்அப்பில் முழு வாக்கியமாகச் செய்தி அனுப்புங்கள். ‘இன்று வலை பழுது பார்க்கிறோம், ஆறு மணிக்கு வருகிறேன்’ என்பது போன்ற எளிய செய்திகளே போதும். அவளும் முழு வாக்கியமாகவே விடை எழுதட்டும். நாளை அலுவலகத்தில் மேலாளரோடு அவள் பேசப் போவதும் பெரும்பாலும் இப்படித்தான்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். எனக்குக் கண் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி வருகிறது, மாலையானால் தடுமாறுகிறேன். இப்போதைக்குப் பெரிய எழுத்தில் வாசிக்க முடிகிறது. வெள்ளைக் கோல் பிடித்தால் தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள் என்று தயக்கமாக இருக்கிறது. பிறகு கற்றுக்கொள்ளலாமா?
— மாணவர், பெரம்பூர்

தம்பி, உன் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இப்போதே கற்றுக்கொள் என்றுதான் சொல்வேன். பார்வை மிச்சமிருக்கும்போது கோல் பிடிக்கப் பழகுபவர்கள், கோல் சொல்வதையும் கண் சொல்வதையும் ஒப்பிட்டுப் பார்த்து எளிதில் தேர்ச்சி பெறுகிறார்கள். முதலில் மாலை வேளைகளில் மட்டும், உன் தெருவிலிருந்து ரயில் நிலையம் வரை பிடித்து நட. மழைக்காலத்தில் பெரம்பூரில் பள்ளம் எது, தேங்கிய நீர் எது என்று நல்ல பார்வை உள்ளவர்களுக்கே தெரிவதில்லை, கோலுக்குத் தெரியும். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கிறது. நடமாட்டப் பயிற்சியைப் பற்றி அங்கே விசாரிக்கலாம்.

கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பு மென்பொருளை விலையின்றி நிறுவிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அதே போல் திரையை வாசித்துச் சொல்லும் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. வாரத்தில் ஒரு நாள் திரையை அணைத்துவிட்டுக் காதால் மட்டும் வேலை செய்து பார். தமிழ்99 விசைப்பலகையில் பார்க்காமல் தட்டச்சு செய்யக் கற்றுக்கொள். ரூபாய் நோட்டைக் கண்டறிந்து சொல்லும் ‘மணி’ என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020-இல் வெளியிட்டிருக்கிறது, அதையும் வைத்துக்கொள். அரசு வேலைகளில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத ஒதுக்கீட்டில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும் உரியது. போட்டித் தேர்வுக்கு நீ உட்காரும்போது, படிப்பதற்கு வழி தேடிக்கொண்டிருக்காமல் படித்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொல்கிறேன்.

என் தங்கைக்கு 24 வயது. மூளை முடக்குவாதம். சக்கர நாற்காலியில் இருக்கிறாள். நன்றாகப் பேசுவாள், கணக்கு மனத்திலேயே போடுவாள். மூன்றாம் வகுப்போடு பள்ளி நின்றுவிட்டது. இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா?
— ஒரு அண்ணன், எண்ணூர்

செய்யலாம். விட்டுப்போன பள்ளிப் படிப்புக்குத் தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் அடிப்படைக் கல்வி இருக்கிறது. அதன் மூன்று நிலைகளும் முறையே மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு ஈடானவை. மனக்கணக்கு வருகிறது என்கிறீர்கள். உங்கள் தெருவில் உள்ள மளிகைக் கடையிலோ மருந்துக் கடையிலோ கணக்குப் பார்க்கவும், தொலைபேசியில் ஆர்டர் எடுக்கவும் ஆள் தேவைப்படுகிறதா என்று இந்த வாரமே கேளுங்கள். படிப்பு முடிந்த பிறகு வேலை என்று வரிசை வைக்க வேண்டியதில்லை. அவளுக்கு ஏற்கெனவே பதினைந்து ஆண்டுகள் காத்திருப்பிலேயே போய்விட்டன.

கிண்டியில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வாழ்க்கைத்தொழில் சேவை மையம் மத்திய அரசின் பொறுப்பில் இயங்குகிறது. எந்த வேலைக்கு எந்தத் திறன் பொருந்தும் என்று அங்கே மதிப்பீடு செய்து வழிகாட்டுவார்கள். தூரத்தை நினைத்து மலைக்க வேண்டாம். 2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை வருகிறது. அதே வழித்தடம் வண்டி மாறாமல் கிண்டிக்குப் போகிறது. நிலையங்களில் மின்தூக்கி இருக்கிறது. எண்ணூரிலிருந்து விம்கோ நகர் வரை மட்டும் ஆட்டோவுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை, ஆதார், சான்றிதழ்களின் நகல், இரண்டு புகைப்படம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்குத் தங்கையே விடை சொல்லட்டும். அவளுடைய பேச்சு மெதுவாக வந்தாலும் நீங்கள் குறுக்கே புகுந்து முடித்துவைக்காமல், பக்கத்து நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருங்கள்.